தொட்டுப் பார்க்க முடியாத ஊரிலிருந்து ஆர்கேட் ஸ்டிக் வாங்குவது

பிளேஸ்டேஷன் பேட் ஒன்று வேண்டுமென்றால் ஓசூரிலோ தர்மபுரியிலோ ஒரு மாலைப் பொழுதில் தேடி வாங்கிவிடலாம். சண்டை ஆட்டங்களுக்காகத் திசைக்கு ஒரு லீவரும் (கைத்தண்டும்) அடிக்கப் பெரிய பட்டன்களும் வைத்த பெட்டியான ஆர்கேட் ஸ்டிக்குக்கு அந்த வசதி இல்லை. லீவரைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, பட்டனைத் தட்டிப் பார்த்து, கைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்தபின் காசு கொடுக்க இந்தப் பக்கம் கடை கிடைப்பது அரிது. படத்தைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும். பொட்டலம் பிரித்த பிறகுதான் கைக்கு விஷயம் புரியும். அதனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, பிடிக்காமல் போனால் எந்த உறுப்பைக் கழற்றி மாற்ற முடியும் என்பதை.

ஸ்டிக் என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பெட்டி, லீவர், பட்டன்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. லீவரும் பட்டனும் ஒரு ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் மாறிவிடும். பெட்டியைப் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் இந்த ஸ்டிக்கை எந்த மெஷின் ஏற்றுக்கொள்ளும் என்பது போர்டின் கையில் இருக்கிறது. விளம்பரத்தில் லீவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், போர்டு விவரம் கடைசி வரியில் இருக்கும். அந்தக் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

பேட் போதாதா?

பலருக்குப் போதும். 2014இல், சண்டை ஆட்டங்களுக்கான பெரிய போட்டியான ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸ் வீரர் லஃபி, முதலாம் பிளேஸ்டேஷனின் பழைய பேடை வைத்துத்தான் ஆடினார். டெக்கன் 3 என்ற சண்டை ஆட்டத்தின் காலத்திலிருந்து விளையாடிவரும் நம் ஊர்க் கைகள் பெரும்பாலும் பேடில் பழகியவை. அந்தப் பழக்கத்தைச் சும்மா தூக்கிப் போடக் கூடாது. ஸ்டிக்குக்கு மாறினால் முதல் சில வாரங்கள் ஆட்டம் கட்டாயம் இறங்கும்.

மாறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. திசைப் பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் நுனி கொப்பளிப்பது ஒன்று. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஆறு தாக்குதல் பட்டன்களும் பேடில் முகப்பிலும் தோளிலுமாகப் பிரிந்து கிடக்கும். ஸ்டிக்கில் மூன்று குத்து மேல் வரிசை, மூன்று உதை கீழ் வரிசை என்று 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் மெஷினில் வந்தபோது இருந்த அதே ஒழுங்கில் விரல்களுக்கு அடியில் இருக்கும். இரண்டு மூன்று பட்டனைச் சேர்த்து அடிப்பதும் எளிது. ஸ்டிக் வாங்கினால் ஜெயிக்கத் தொடங்கிவிடலாம் என்பது மட்டும் காரணமாக இருந்தால், அந்தப் பணத்தைப் பத்திரப்படுத்துவது நல்லது.

போர்டு

கம்ப்யூட்டரில் மட்டும் ஆடுபவருக்குக் கவலை குறைவு. எக்ஸ்இன்புட் என்ற, விண்டோஸ் பேட்களுக்கான முறையில் பேசும் எந்தப் போர்டும் ஓடும். கன்சோல் என்றால் கணக்கே வேறு. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), உரிமம் இல்லாத கருவியைச் செருகினால் முதலில் ஏற்றுக்கொள்வது போல் இருந்துவிட்டுச் சுமார் 8 நிமிடத்தில் தொடர்பை அறுத்துவிடும். பிஎஸ்4க்காக உரிமம் பெற்ற ஸ்டிக், பிஎஸ்5இல் பிஎஸ்4 ஆட்டங்களுக்கு ஓடும். பிஎஸ்5 ஆட்டங்களில் சில அதை ஏற்கும், சில ஏற்காது. எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறீர்களோ அந்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸில் 2023 நவம்பரிலிருந்து அங்கீகாரம் இல்லாத கருவிகளை மைக்ரோசாஃப்ட் தடுத்துவருவதால், அதற்கு முன்பு ஓடிய மலிவான கருவிகள் பல இப்போது ஓடுவதில்லை.

‘எல்லா மெஷினுக்கும்’ என்று போட்டிருந்தால் எப்படி என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, மேஃப்ளாஷ் நிறுவனத்தின் எஃப்300 ஸ்டிக் பிஎஸ்4இல் ஓடும். ஆனால் அதன் பெட்டியில் உள்ள யுஎஸ்பி துளையில் ஒரு உண்மையான பிஎஸ்4 பேடைச் செருகி வைக்க வேண்டும். வீட்டில் பேட் இருந்தால் இது குறையே இல்லை. விலைக்கு நல்ல தொடக்கம் அது. லீவரும் பட்டனும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மெஷினின் ஸ்டிக்கை இன்னொன்றில் ஓட வைக்கும், புரூக் போன்ற நிறுவனங்களின் கன்வெர்ட்டரும் ஒரு வழிதான். ஆனால் கன்சோலின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது கன்வெர்ட்டரையும் புதுப்பிக்க வேண்டி வரலாம். அந்த வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் கைவசம் இருக்க வேண்டும்.

பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையிலான தாமதம் பற்றிய பேச்சு அளவுக்கு மேல் நடக்கிறது, எனவே எண்களைப் பார்ப்போம். சண்டை ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம் (திரைப் படம்) ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் 16.67 மில்லி விநாடி. யுஎஸ்பி வழியே போர்டை 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்கும் பழைய முறையில், பட்டன் அழுத்தம் சராசரியாக 4 மில்லி விநாடி காத்திருக்கும். 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்கும் போர்டில் அந்தக் காத்திருப்பு அநேகமாக மறைந்துவிடும். ‘ஜீரோ டிலே’ என்ற பெயரில் மலிவான கிட்டோடு வரும் போர்டுகளின் பெயரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது வெறும் விற்பனைப் பெயர். ஆனால் டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடாமல் இருந்தால் வீணாகும் நேரம் இவை எல்லாவற்றையும் தாண்டும். ஒயர்லெஸ் ஸ்டிக்கை இந்த வேலைக்குத் தவிர்க்கவும்.

லீவர்

கையின் பாதி இங்கேதான் இருக்கிறது. இன்று பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கு அளவுகோலாக இருப்பது ஜப்பானின் சான்வா டென்ஷி செய்யும் ஜேஎல்எஃப். இலேசான ஸ்பிரிங், நான்கு மைக்ரோ சுவிட்ச், 5 பின் ஒயர் இணைப்பு. புதியவர் கைக்கு முதலில் ‘லொடலொட’ என்று தோன்றும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பு. செய்மிட்சுவின் எல்எஸ்-32 அதைவிடச் சற்று இறுக்கம். அதில் எல்எஸ்-32-01 என்ற வகையைப் பார்த்து வாங்கினால் அதே 5 பின் ஒயர் பொருந்தும். ஹோரியின் ஸ்டிக்குகளில் வரும் ஹயபுசாவும் இந்தக் குடும்பம்தான். 5 பின் இணைப்பும் லீவரைப் பெட்டியோடு பிடிக்கும், ஜேஎல்எஃப் அளவிலான தாங்குதகடும் உள்ள ஸ்டிக்கை வாங்கிவிட்டால், இந்த லீவர்களுக்குள் எதற்கு வேண்டுமானாலும் பிறகு மாறிக்கொள்ளலாம். தொட்டுப் பார்க்காமல் வாங்குபவருக்கு இதுவே காப்பீடு.

லீவருக்கு அடியில் உள்ள தகட்டை கேட் என்பார்கள். தண்டு எவ்வளவு தூரம் சாயலாம் என்பதற்கு அது எல்லை. ஜேஎல்எஃபில் சதுர கேட் வரும். அதன் நான்கு மூலைகள்தான் நான்கு மூலைத் திசைகள். தடுப்பாட்டம் ஆடுபவர், கீழ்-பின் மூலையில் தண்டைச் சாய்த்து நிம்மதியாக வைத்திருக்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கைல் போலத் திசையைப் பிடித்து வைத்து அடிக்கும் பாத்திரங்களுக்கு இது பெரிய துணை. எண்கோண கேட்டில் எட்டுத் திசைக்கும் சிறு பள்ளம் இருப்பதால் விரலுக்கு அடையாளம் கிடைக்கும், ஆனால் மூலைக்கான தூரம் குறைந்துவிடும். பேடிலிருந்து வருபவர்கள் சதுரத்தில் தடுமாறி, ஒரே வாரத்தில் எண்கோணத்துக்கு ஓடுகிறார்கள். அவசரம் வேண்டாம். தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேட் இல்லை, சுவரில் மோதும் வரை தள்ளும் பழக்கம். தண்டு கேட்டைத் தொடுவதற்கு முன்பே சுவிட்ச் ‘டிக்’ என்று பேசிவிடுகிறது. அந்த ஒலியோடு கையை நிறுத்தப் பழகினால் சுழற்சியும் வேகப்படும், லீவரும் நெடுநாள் உழைக்கும்.

டெக்கன் ஆட்டக்காரர்களுக்குக் கொரிய லீவர் மேல் ஆசை வருவதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அதில் ஸ்பிரிங் இல்லை, ரப்பர் வளையம் தண்டைப் பிடித்திருக்கிறது; கையை விட்டதும் நடுவுக்குச் சட்டென்று திரும்பும். எல்லையும் வட்டம், மூலை கிடையாது. கொரியன் பேக்டேஷ் என்ற பின்வாங்கும் நடையில் பின், நடு, பின், கீழ்-பின் என்று நடுவைத் தொட்டுத் தொட்டு வர வேண்டியிருப்பதால் இந்தத் திரும்பும் வேகம் பயன்படுகிறது. ஆனால் எல்லாக் கொரிய லீவரும் ஜப்பான் அளவுப் பெட்டியில் உட்காராது. 5 பின் இணைப்பு இருக்கிறதா, தாங்குதகடு பொருந்துமா, பெட்டியின் உள்ளாழம் போதுமா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். முதல் ஸ்டிக்காக இதை எடுப்பதைவிட, ஜேஎல்எஃபில் ஆறு மாதம் ஆடிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பந்துத் தலையா, மட்டைத் தலையா என்பதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஜப்பான் லீவர்களின் தண்டில் இருப்பது 6 மி.மீ. மரை. அடித்தகட்டைத் திறந்து, தண்டின் அடிமுனையில் உள்ள பிளவில் தட்டை ஸ்குரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே தலையைத் திருகினால் கழன்றுவிடும்.

பட்டன்

30 மி.மீ. எட்டு, 24 மி.மீ. நான்கு என்பது வழக்கமான எண்ணிக்கை. சான்வா ஓபிஎஸ்எஃப்-30 பக்கவாட்டுக் கிளிப்பால் மாட்டிக்கொள்ளும். மெல்லிய தகட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் ஏற்றது. தடித்த பலகையில் அந்தக் கிளிப் பிடிக்காது. அதற்கு வளையம் திருகும் ஓபிஎஸ்என்-30 வேண்டும். சான்வா பட்டன் மிக இலேசாகவே இறங்கும். விரலை மேலேயே ஓய்வாக வைத்திருப்பவர் கைக்குத் தானாக அழுந்திவிட்டது போல் இருக்கும். அப்படிப்பட்டவருக்குச் செய்மிட்சு பட்டன் சரி.

சுவர் ஒட்டிய லைன் வீட்டில் இரவு பதினொரு மணிக்கு ஆடுபவர், சத்தம் குறைந்த ஓபிஎஸ்எஃப்எஸ்-30ஐ யோசிக்கலாம். பட்டன் மட்டும் மாறினால் பாதிச் சத்தம்தான் போகும். லீவரின் நான்கு சுவிட்சும் பேசிக்கொண்டேதான் இருக்கும்.

ஸ்டார்ட் பட்டன் பெட்டியின் மேல்முகத்தில், கைபடும் இடத்தில் இருந்தால் அதை அணைத்து வைக்கும் பூட்டு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டி நடுவில் தெரியாமல் கைபட்டு ஆட்டம் நின்றுவிட்டால் ரவுண்டு பறிபோகும்.

லீவரே இல்லாத பெட்டி

திசைக்கும் பட்டன் வைத்த லீவர்லெஸ் பெட்டி இப்போது பரவலாகிவிட்டது. ஹிட் பாக்ஸ் நிறுவனம் பிரபலப்படுத்திய அமைப்பில் தாவுவதற்கு மட்டும் பெரிய 30 மி.மீ. பட்டன், மற்றவை 24 மி.மீ. கீபோர்டில் ஆடிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும். லீவர் இல்லாததால் பெட்டி மெலிதாகும், பையில் வைத்து பெங்களூரு பஸ்ஸில் ஏறலாம். சுருங்கச் சொன்னால், கீபோர்டுக் கைக்கு ஜேஎல்எஃபைவிட இதுவே முதல் தேர்வு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். லீவரில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தாது, இங்கே அழுந்தும். அப்போது போர்டு என்ன சொல்ல வேண்டும் என்ற விதிக்கு எஸ்ஓசிடி என்று பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளியான 2023இலேயே, கடைசியாக அழுத்திய திசைக்கு முன்னுரிமை தரும் முறையை, அந்த ஆட்டத்தின் நிறுவனமான காப்காம் தன் போட்டிகளில் விலக்கிவிட்டது. இடமும் வலமும் சேர்ந்தால் நடு என்று வரும்படி அமைத்து வைப்பதே பாதுகாப்பு.

ஓசூரில் செய்வதென்றால்

வெளிநாட்டிலிருந்து முழு ஸ்டிக்கை வரவழைத்தால், கனமான பெட்டிக்கான அனுப்புக் கட்டணம், சுங்க வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். லீவரும் பட்டனும் சிறு பொட்டலம். மற்றதை இங்கேயே செய்யலாம். வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து பழகிய ஓசூர்ப் பட்டறைகளுக்கு ஒரு மேல்தகடு வெட்டுவது பெரிய வேலை இல்லை. ஒற்றைத் துண்டுக்கு மெஷினை நிறுத்தி அமைக்கத் தயங்குவார்கள் என்பதுதான் சிக்கல். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஷீட்டில் நான்கைந்து தகடாகக் கொடுங்கள்.

1.6 அல்லது 2 மி.மீ. இரும்புத் தகடு போதும். வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுத்தால் லேசரில் வெட்டித் தருவார்கள். பவுடர் கோட்டிங் போடுவதாக இருந்தால், அந்தப் பூச்சு ஒவ்வொரு பக்கமும் 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறித் துளையைச் சிறிதாக்கும். சரியாக 30 மி.மீ. வெட்டிவிட்டு, பிறகு பட்டன் இறங்கவில்லை என்று அரத்தால் ராவினால் பூச்சு உரியும். 30.2 மி.மீ. என்று வரைந்துவிடுங்கள். லீவர் தண்டுக்கு 24 மி.மீ. துளை, தாங்குதகட்டைப் பிடிக்கத் தலை அமிழும் 4 மி.மீ. ஸ்குரூ. லீவருக்குப் பெட்டிக்குள் குறைந்தது 50 மி.மீ. ஆழம் விடுங்கள்.

வெட்டக் கொடுக்குமுன் பட்டன் அமைப்பைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையை வைத்துப் பாருங்கள். அச்சுக் கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பு இருந்தால் படம் சுருங்கிவிடும். நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லி, ஒரு வட்டத்தை ஸ்கேலால் அளந்து 30 மி.மீ. வருகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். டைட்டோ நிறுவனத்தின் வியூலிக்ஸ் என்ற ஆர்கேட் மெஷினின் பட்டன் அமைப்பு பலருக்கு ஒத்துவரும்.

பக்கச் சட்டத்தை ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் செய்து வாங்கலாம். மேல்பலகையும் தடித்த மரமாக இருந்தால் லீவரை அடிப்பக்கம் குடைந்து உள்ளே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்டு மேலே குட்டையாக நிற்கும். இந்த ஒன்றுக்காகவே மேல்பக்கம் தகடு நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தும், தரையில் சம்மணமிட்டும் ஆடும் நமக்குப் பெட்டியின் அகலம் 35 முதல் 40 செ.மீ. இருந்தால் முன்கை படிந்து நிற்கும். வேட்டி மேலும் லுங்கி மேலும் வழுக்காமலிருக்க அடியில் முழு ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். நான்கு மூலையிலும் ஒட்டும் ரப்பர் பாதம் மேசைக்குத்தான் உதவும்.

போர்டுக்கு ராஸ்ப்பெரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் அறிமுகமான சிறு பலகை அது, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிட்டாலும் வந்துவிடும். அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். பலகையில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பியைச் செருகினால் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் போலத் தெரியும். பிக்கோவுக்கு உரிய யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் ஏறிவிடும். டிரைவ் தெரியவில்லை என்றால் பலகையைக் குறை சொல்லுமுன் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீடு நிறைய உண்டு.

ஒயரிங் எளிது. பலகையின் பின்களுக்கு ஜிபி என்று எண் உண்டு: மேல் ஜிபி2, கீழ் ஜிபி3, வலம் ஜிபி4, இடம் ஜிபி5. எட்டு பட்டன்களுக்கு ஜிபி6 முதல் 13 வரை. செலக்ட் ஜிபி16, ஸ்டார்ட் ஜிபி17. ஒவ்வொரு பட்டனிலும் ஒரு கால் இந்த எண்ணுக்கும் மறுகால் கிரவுண்டுக்கும் போக வேண்டும். கிரவுண்டை ஒரே ஒயராகப் பட்டனுக்குப் பட்டன் சங்கிலி போல இழுத்துவிடலாம். பிக்கோவின் 5 வோல்ட் முனையில் எதையும் தொட வைக்காதீர்கள். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு ஆனவை. பற்றவைக்காமல் செருகும் பிரட்போர்டு ஒயர்கள் அடி வாங்கும் பெட்டிக்குள் ஒரு மாதம் தாங்காது. ஈயம் வைத்துப் பற்றவையுங்கள், அல்லது ஸ்குரூ டெர்மினல் பலகை வாங்குங்கள். பட்டன் பக்கம் கழற்றி மாட்டும் டெர்மினல் போட வேண்டும்: சான்வாவுக்கு 2.8 மி.மீ., அமெரிக்க வகைக்கும் மலிவான கிட் பட்டன்கள் பலவற்றுக்கும் 4.8 மி.மீ. அளவு மாறி வாங்கி அழுத்தினால் பட்டனின் கால் வளையும். எஸ்ஓசிடி போன்ற அமைப்புகளை மாற்ற, ஸ்டார்ட்டை அழுத்திக்கொண்டு கேபிளைச் செருகி, கம்ப்யூட்டர் பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் பக்கம் திறக்கும். இந்தப் பலகை கம்ப்யூட்டருக்கு அருமையானது. முன்னே சொன்ன கன்சோல் தடைகள் இதற்கும் பொருந்தும்.

கோளாறு வந்தால்

வரிசையாக மூன்று நான்கு பட்டன் ஒரே சமயத்தில் செத்தால் பட்டனைக் கழற்றாதீர்கள். கிரவுண்டுச் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் செத்த பட்டனுக்கு முந்தின டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். மேலே தள்ளினால் வலம் போகிறது என்றால் லீவர் 90 பாகை திரும்பி மாட்டப்பட்டிருக்கிறது. லீவரைக் கழற்றித் திருப்பலாம், அல்லது ஒயரை மாற்றிக் கொடுக்கலாம். ஒரு மூலை மட்டும் வராமல் போனால் அந்த மூலையின் இரண்டு பக்கத் திசைகளையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்று இடறினால் சுவிட்ச். இரண்டும் சரியென்றால் கேட் நகர்ந்திருக்கும் அல்லது தண்டில் உள்ள, சுவிட்சைத் தள்ளும் ஆக்சுவேட்டர் தேய்ந்திருக்கும். ஒருமுறை அழுத்த இரண்டு அடி விழுந்தால் அந்தப் பட்டனின் ஆயுள் முடிந்தது. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரை இதற்கெல்லாம் போதும். ஆட்டத்துக்குள் போய்ச் சோதித்தால் கைத்தவறா கருவித்தவறா என்று பிரித்தறிய முடியாது.

லீவர் கரகரத்தால் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் தூசியை இழுத்து மாவாக்கிவிடும். தண்டின் அடியில் உள்ள ஈ வடிவ கிளிப்பைத் தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து (மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், பறந்துவிடும்), பழைய கிரீஸைத் துடைத்து, சுழலும் குமிழில் அரிசி அளவு சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். கிரானைட் லாரி ஓடும் சாலையோர வீடுகளில் வெண்தூசி தண்டுத் துளை வழியே உள்ளே இறங்கும். தண்டின் தூசி வளையத்தைத் தொலைக்காமல் மாட்டி, ஆடாத நேரத்தில் பெட்டியை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள்.